துணை அதிபர் வேட்பாளராக யாரை எடுப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

2024 அமெரிக்கத் தேர்தல் முடிந்ததிலிருந்து ஒரு கேள்வி ஓயவே இல்லை. கமலா ஹாரிஸ் தன் துணை அதிபர் வேட்பாளராக மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை எடுத்ததற்குப் பதில் பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோவை எடுத்திருந்தால் ஜெயித்திருப்பாரா? கணக்குப் போட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பவை, மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கப்பட்ட எலக்டோரல் வாக்குகள். டிரம்ப் வாங்கியவை 312, ஹாரிஸ் வாங்கியவை 226. பென்சில்வேனியாவின் 19 வாக்குகளை ஹாரிஸ் பக்கம் மாற்றிப் போட்டாலும் 293-க்கு 245தான் வருகிறது. வெற்றிக்குத் தேவை 270. ஷபிரோ தன் மாநிலத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தாலும் போதாது.

இருந்தும் கேள்வி ஓயாததற்குக் காரணம், இந்தத் தேர்வை நாம் பெரும்பாலும் ஓட்டுக் கணக்காக மட்டுமே பார்ப்பதுதான். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுக்கும் 22-வது அரசியல் சட்டத் திருத்தம், டிரம்ப் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட இடம் தராது. அதனால் 2028-ல் இரு கட்சிகளிலும் அதிபர் வேட்பாளர் யார், அவருக்குத் துணை யார் என்று இதே விவாதம் மறுபடி சூடுபிடிக்கும். வருகிற பெயர்களை எதை வைத்து எடை போடுவது என்று திணறுகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டு என்பது இந்தத் தேர்வில் கடைசி அளவுகோலாகத்தான் இருக்க வேண்டும். நல்ல தேர்வு கொண்டுவரும் ஓட்டைவிட மோசமான தேர்வு உண்டாக்கும் சேதம் பல மடங்கு பெரியது.

அப்புறம் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்க ஆளுநர் நம் ஊர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், ஒரு மாநிலத்தை நிஜமாகவே ஆளுகிற பதவி அது. நம் முதலமைச்சரை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

நாளைக்கே அதிபராக முடியுமா? இதுவரை அமெரிக்க அதிபராக இருந்தவர்கள் 45 பேர். அவர்களில் 9 பேர், துணை அதிபராக இருக்கும்போது மேலே இருந்த நாற்காலி திடீரென்று காலியானதால் அதிபரானவர்கள். அதாவது ஐந்தில் ஒருவர். எட்டு முறை அதிபரின் மரணம் காரணம். ஒரு முறை, 1974-ல், நிக்சனின் ராஜினாமா.

இதில் ஹாரி ட்ரூமனின் கதையை மட்டுமாவது விரிவாகப் பார்க்க வேண்டும். 1944-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்காவது முறை நின்றபோது அவர் உடல்நிலை சரியில்லை என்பது கட்சியின் பெரிய தலைகளுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸை விலக்கிவிட்டு மிசௌரி செனட்டர் ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்தே செய்த வேலை அது. ஆனால் ரூஸ்வெல்ட் அவரைத் தயார் செய்யவில்லை. 1945 ஏப்ரல் 12 மாலை, நாடாளுமன்றக் கட்டடத்தில் சபாநாயகர் சாம் ரேபர்னின் அறைக்கு வந்த ட்ரூமனுக்கு, உடனே வெள்ளை மாளிகைக்கு வரும்படி அழைப்பு காத்திருந்தது. போனதும் எலினார் ரூஸ்வெல்ட் தன் கணவர் இறந்துவிட்டதைச் சொன்னார். துணை அதிபராகி 82 நாள்தான் ஆகியிருந்தது. அணுகுண்டுத் திட்டத்தைப் பற்றி போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அன்று பதவியேற்புக்குப் பிறகுதான் கோடிகாட்டினார். முழு விவரம் கிடைத்தது ஏப்ரல் 25-ல். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஹிரோஷிமா. உலகத்தையே மாற்றிய ஒரு முடிவு, விவரமே சொல்லப்படாமல் ஓரமாக உட்கார வைக்கப்பட்டிருந்த ஒருவரின் கைக்கு வந்தது. துணை அதிபர் வேட்பாளர் யார் என்பதில் ஓட்டைத் தாண்டி யோசிக்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்து வேலை செய்ய முடியுமா? துணை அதிபரை அதிபரால் பதவி நீக்கம் செய்ய முடியாது. அமைச்சரைத் தூக்கலாம், ஆலோசகரை வீட்டுக்கு அனுப்பலாம், இவரை முடியாது. நான்கு வருடம் ஒத்துப்போகாத ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும்.

வில்லங்கம் உண்டா? நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் எடுப்பது போல, ஒருவரின் வருமான வரி, சொத்து, உடல்நலம், பழைய பேச்சு, குடும்பத் தொழில் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். இந்த வழக்கம் இறுகியதற்கு முக்கியக் காரணம் 1972. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், மயாமி பீச் மாநாட்டில் கேட்டவர்கள் எல்லாம் மறுத்துவிட, நேரமில்லாத அவசரத்தில் மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஏதாவது பிரச்சினை உண்டா என்று ஆலோசகர் கேட்டதற்கு இல்லை என்று பதில் வந்தது. சில நாளிலேயே, ஈகிள்டன் மன அழுத்தத்துக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும் மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றதும் வெளிவந்தன. மெக்கவர்ன் முதலில் '1000 சதவீதம்' அவர் பின்னால் நிற்பதாகச் சொன்னார். அப்புறம் விலகச் சொன்னார். 18 நாளில் கதை முடிந்தது. நோய் ஒருவரின் குற்றமல்ல. மெக்கவர்னைக் கவிழ்த்தது, விசாரிக்காமல் எடுத்ததும் பிறகு சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கியதும்தான். அந்த நவம்பரில் அவர் 49 மாநிலங்களை இழந்தார். அதற்கு ஈகிள்டன் மட்டும் காரணமில்லை என்றாலும், முதல் பெரிய முடிவிலேயே சறுக்கியவர் என்ற பெயரிலிருந்து அவரால் மீள முடியவில்லை.

அவர் விட்டுவரும் இடம் யாருக்குப் போகும்? பலரும் கவனிக்காத செலவு இது. ஒரு செனட்டர் துணை அதிபரானால் அவர் இடத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அந்த மாநில ஆளுநர்தான் தற்காலிகமாக ஆள் போடுவார். ஆளுநர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் செனட்டில் ஓர் இடம் கைநழுவும். 2016-ல் ஹிலாரி கிளின்டனின் பட்டியலில் அடிபட்ட எலிசபெத் வாரன், ஷெரட் பிரவுன், கோரி புக்கர் மூவரின் மாநிலங்களிலும் குடியரசுக் கட்சி ஆளுநர்கள் இருந்தார்கள். அவர் எடுத்த டிம் கெய்னின் வர்ஜீனியாவில் சொந்தக் கட்சி ஆளுநர். கமலா ஹாரிஸ் 2021 ஜனவரியில் விட்ட இடத்துக்கு கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் தன் கட்சியின் அலெக்ஸ் பாடில்லாவைப் போட்டார். அந்த ஆண்டு செனட் 50-50 என்று நின்றதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சின்னக் கணக்கு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஓட்டு வருமா? சொந்த மாநிலத்தைக் கொண்டுவருவார் என்ற நம்பிக்கைதான் மிகப் பழையது, மிகவும் ஏமாற்றியதும் அதுதான். 1988-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ், டெக்சாஸுக்காக அந்த மாநில செனட்டர் லாயிட் பென்ட்சனை எடுத்தார், டெக்சாஸ் புஷ்ஷுக்குப் போனது. 2004-ல் ஜான் கெர்ரியோடு நின்ற ஜான் எட்வர்ட்ஸின் வட கரோலினா கைக்கு வரவில்லை. 2012-ல் மிட் ராம்னிக்கு பால் ரயனின் விஸ்கான்சினும் வரவில்லை. மக்கள் ஓட்டுப் போடுவது மேலே இருக்கும் பெயருக்கு.

சரி, இனி ஐந்து வழிகளுக்கு வருவோம்.

## வழி 1: வேறு பிராந்தியம், வேறு அணி

கட்சிக்குள் தனக்கு ஆதரவில்லாத பகுதியிலிருந்து ஒருவரை எடுத்து தராசைச் சமன் செய்வது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1960. மாசசூசெட்ஸைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஜான் கென்னடி, மாநாட்டில் தன்னிடம் தோற்ற டெக்சாஸ்காரர் லிண்டன் ஜான்சனைத் துணைக்கு எடுத்தார். ஜான்சன் அப்போது செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். வாஷிங்டனில் ஒரு மசோதாவை நகர்த்த அவரைவிடத் தேர்ந்த ஆள் கிடையாது.

ஜான்சன் சும்மா பெயருக்கு நிற்கவில்லை. தெற்கு மாநிலங்கள் வழியே ரயிலில் ஊர் ஊராக நின்று பேசிக்கொண்டு போனார். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, டல்லாஸில் அடால்ஃபஸ் ஹோட்டலுக்கு அவரும் மனைவி லேடி பேர்டும் வந்தபோது எதிர்க்கட்சிக் கூட்டம் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டது, இடித்துத் தள்ளியது. ஒரு பெண்மணியை இப்படி நடத்துவதா என்று தெற்கில் பலருக்கு அது உறுத்தியது. கென்னடி டெக்சாஸை ஏறக்குறைய 46,000 ஓட்டில் பிடித்தார். அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களிலும் அந்த மாநிலம் ஐசன்ஹோவருக்குப் போயிருந்தது.

ஆனால் இங்கும் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கென்னடி வாங்கியது 303, அன்று தேவைப்பட்டது 269. டெக்சாஸின் 24 போயிருந்தாலும் 279 மிஞ்சியிருக்கும். டெக்சாஸோடு வட கரோலினாவின் 14-ம் போயிருந்தால்தான் பெரும்பான்மை போயிருக்கும். ஆகவே ஜான்சன் கொண்டுவந்தது ஒரு மாநிலம் அல்ல, கைவிட்டுப் போகவிருந்த ஒரு பிராந்தியத்தை. இது அவரைப் போன்ற ஒருவருக்கு மட்டுமே முடிகிற காரியம். மேப்பைப் பார்த்து ஓர் ஆளுநரைப் பொறுக்கி எடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

செலவும் பெரியது. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடிக்கும் ஜான்சனுக்கும் ஆகவே ஆகாது. செனட்டையே ஆட்டிவைத்த மனிதர் மூன்று வருடம் உருப்படியான வேலை இல்லாமல் ஒதுக்கப்பட்டார். இருந்தும் 1963 நவம்பர் 22-க்குப் பிறகு, முதல் அளவுகோலில் அவர் தேறினார். கென்னடி விட்டுப்போன சிவில் உரிமை மசோதாவை 1964-ல் சட்டமாக்கியது ஜான்சனின் அந்தப் பழைய செனட் சாமர்த்தியம்தான். வியட்நாமில் நாட்டை ஆழமாக இழுத்துவிட்டவரும் அவரே என்பதை மறக்க முடியாது.

இந்த வழியின் ஆபத்தான எல்லை, வேறு கொள்கைக்காரரையே எடுப்பது. 1864-ல் உள்நாட்டுப் போரின் நடுவே, வடக்கும் தெற்கும் சேர்ந்தது என்று காட்ட லிங்கன் தரப்பு மெயின் மாநிலத்து ஹானிபல் ஹாம்லினை விட்டுவிட்டு, டென்னசியின் ஜனநாயகக் கட்சிக்காரர் ஆண்ட்ரூ ஜான்சனை எடுத்தது. பதவியேற்று ஆறு வாரத்தில் லிங்கன் கொல்லப்பட்டார். விடுதலையான கறுப்பின மக்களின் உரிமைக்கு எதிராக நின்ற ஒருவர் அதிபரானார், நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களைத் தடுத்துக்கொண்டே இருந்தார். 1868-ல் பதவி நீக்கத்துக்கான செனட் விசாரணையில் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். ஒரு தேர்தலுக்காகச் செய்த சமரசத்துக்கு அந்த மக்கள் பல தலைமுறை விலை கொடுத்தார்கள்.

எப்போது ஒத்துவரும்: கட்சியின் ஒரு பெரும்பகுதியே விலகிப் போகும் நிலையில், எடுக்கப்படுபவர் அந்தப் பகுதியின் நிஜமான தலைவராக இருந்தால். அடிப்படைக் கொள்கையில் இருவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

## வழி 2: தோற்ற போட்டியாளர்

உட்கட்சித் தேர்தலில் மோதியவரையே பக்கத்தில் உட்கார வைப்பது. 1980-ல் ரீகனின் வரிக்குறைப்புத் திட்டத்தை 'வூடூ பொருளாதாரம்' என்று கிண்டலடித்தவர் ஜார்ஜ் புஷ். டெட்ராய்ட் மாநாட்டில் ரீகன் முதலில் பேசிப் பார்த்தது முன்னாள் அதிபர் ஃபோர்டிடம். ஃபோர்டு கேட்ட அதிகாரம் இரண்டு அதிபர்கள் இருப்பது போல ஆகிவிடும் என்ற நிலை வந்ததும் அந்தப் பேச்சு முறிந்தது. அன்று இரவே புஷ்ஷுக்குப் போன் போனது. அதற்குப் பிறகு புஷ் எட்டு வருடமும் முகம் சுளிக்காமல் கூட நின்றார், 1988 தேர்தலில் ஜெயித்து அதிபராகவும் ஆனார்.

2020-ல் பைடனும் இதையே செய்தார். 2019 ஜூன் விவாத மேடையில், பள்ளிகளில் இனக் கலப்புக்காகப் பேருந்து விட்ட விவகாரத்தில் பைடனின் பழைய நிலைப்பாட்டைக் கமலா ஹாரிஸ் நேருக்கு நேர் தாக்கியது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பைடன் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி நெருக்கம் உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், வேட்பாளராக ஏற்றுப் பேசிய மேடையில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது 'சித்தி' என்ற சொல் வந்ததும், அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்திலிருந்து நியூஜெர்சி வரை தமிழ் வீடுகளில் உண்டான சிலிர்ப்பு பொய்யில்லை.

இந்த வழியின் பெரிய பலம், அந்த ஆள் ஏற்கெனவே தேசிய அளவில் அலசப்பட்டவர் என்பது. பத்திரிகைகள் தோண்ட வேண்டியதைத் தோண்டி முடித்திருக்கும். விவாத மேடை பழக்கமானது. செலவு, பழைய வீடியோக்கள். எதிர்க்கட்சிக்கு விளம்பரம் எடுக்கத் தனியாகச் செலவே வேண்டாம்.

எப்போது ஒத்துவரும்: உட்கட்சிப் போட்டி கசப்பாக முடிந்து, காயம் ஆற வேண்டியிருக்கும்போது. அடித்துக்கொண்டது கொள்கைக்காக என்றால் சேரலாம். தனிப்பட்ட நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டுகள் பறந்திருந்தால் வேண்டாம்.

## வழி 3: வாஷிங்டனில் பழம் தின்றவர்

வேட்பாளர் புதியவர், துணைக்கு வருபவர் அனுபவசாலி. 2000-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் (முன்பு சொன்ன புஷ்ஷின் மகன்) எடுத்த டிக் செனியும் 2008-ல் ஒபாமா எடுத்த ஜோ பைடனும் இந்த ரகம். செனியின் வயோமிங்குக்கு 3 வாக்கு, பைடனின் டெலவேருக்கும் 3. எலக்டோரல் கணக்குக்காக யாரும் இவர்களை எடுத்திருக்க முடியாது என்பதே இந்த வழியின் நேர்மை.

செனி விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. ஒரு மாநிலத்தின் வாக்காளர் குழு, அதிபர், துணை அதிபர் இரண்டு பதவிக்கும் தன் மாநிலத்தவருக்கே ஓட்டுப் போட முடியாது என்று 12-வது திருத்தம் சொல்கிறது. புஷ் டெக்சாஸ் ஆளுநர். செனியும் அப்போது டல்லாஸில்தான் வசித்தார். 2000 ஜூலையில் அவர் வயோமிங்குக்குப் போய் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டார். அற்பமான காகித வேலை போலத் தெரியும். ஆனால் அந்தத் தேர்தல் 271-க்கு 266 என்று முடிந்தது. டெக்சாஸின் 32 வாக்குகள் செல்லாமல் போயிருந்தால் செனிக்குப் பெரும்பான்மையே இல்லை. 2024-ல் டிரம்பின் பட்டியலில் மார்கோ ரூபியோ பெயர் அடிபட்டபோது, இருவருமே ஃபுளோரிடாவாசிகள் என்பதால் இதே கேள்வி மறுபடி எழுந்தது.

மறைந்த செலவு, நிழல் பெரிதாகிவிடுவது. ஆள் தேடும் பொறுப்பை ஏற்ற செனியே கடைசியில் ஆளாக வந்தார். ஈராக் போர், கண்காணிப்பு, கைதிகள் விசாரணை என்று முதல் நான்கு வருடத்தின் மிகச் சர்ச்சையான முடிவுகளில் அவர் கை ஓங்கியிருந்தது. பைடன் கதை வேறு. முக்கிய முடிவெடுக்கும்போது அறையில் கடைசியாக இருக்கும் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று அவர் ஒபாமாவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார். கருத்தைச் சொல்லும் உரிமை அவருக்கு, முடிவு அதிபருக்கு. 2009-ல் ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படை அனுப்புவதை பைடன் எதிர்த்தார், ஒபாமா அனுப்பினார், உறவு கெடவில்லை. ஐந்து வழிகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், செனி மாதிரியில் அல்ல, பைடன் மாதிரியில்.

எப்போது ஒத்துவரும்: ஆளுநர், தொழிலதிபர், புது செனட்டர் என்று யார் வேட்பாளரானாலும், வெளியுறவிலும் நாடாளுமன்றத்திலும் பழக்கம் குறைவாக இருந்தால். வாக்காளர்கள் வாஷிங்டன் மேலேயே வெறுப்பில் இருக்கும் ஆண்டில் மட்டும் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

## வழி 4: யாரும் எதிர்பாராத புது முகம்

2008 ஆகஸ்ட் 29. அன்று ஜான் மெக்கெய்னுக்கு 72 வயது நிறைந்தது. ஓஹையோவின் டேட்டன் நகர மேடையில் அவர் அறிமுகப்படுத்தியவர் 44 வயது சாரா பேலின், அலாஸ்காவின் ஆளுநராகி இரண்டு வருடம்கூட ஆகாதவர். மெக்கெய்ன் மனதில் இருந்தது செனட்டர் ஜோ லீபர்மன். ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரை எடுத்தால் மாநாட்டிலேயே கட்சி பிளக்கும் என்று எச்சரித்தார்கள். கடைசி நாட்களில் திசை மாறியது. அதற்கு முன் ஒரு முறைதான் சந்தித்திருந்த பேலினை, அறிவிப்புக்கு முந்தைய நாள் அரிசோனாவில் தன் பண்ணையில் வைத்துப் பேசி முடிவு செய்தார்.

முதல் இரண்டு வாரம் பிரமாதமாகப் போனது. மாநாட்டுப் பேச்சு அரங்கத்தை அதிர வைத்தது, துவண்டு கிடந்த தொண்டர்கள் எழுந்தார்கள், கருத்துக்கணிப்பில் மெக்கெய்ன் முன்னேறினார். அப்புறம் செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி சரிந்தது. அதே மாதம் கேட்டி கூரிக்கின் தொலைக்காட்சிப் பேட்டியில், என்னென்ன பத்திரிகை படிப்பீர்கள் என்ற கேள்விக்குக்கூட பேலினால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. ஒபாமாவுக்கு அனுபவமில்லை என்பதே மெக்கெய்னின் முக்கிய வாதம். அதைத் தன் கையாலேயே உடைத்துவிட்டார் என்பதுதான் நிஜமான நஷ்டம். லீபர்மனை எடுக்காததற்காகப் பின்னாளில் மெக்கெய்னே வருத்தப்பட்டார்.

புது முகம் என்பதாலேயே தவறு என்று நான் சொல்லவில்லை. 1984-ல் வால்டர் மாண்டேல், ஜெரால்டின் ஃபெராரோவை எடுத்தபோது, ஒரு பெரிய கட்சியின் சார்பில் துணை அதிபர் வேட்பாளராகும் முதல் பெண் அவர். கணவரின் தொழில், வரி விவகாரங்கள் பிரசாரத்தின் பாதி நேரத்தைத் தின்றன, மாண்டேல் 49 மாநிலங்களில் தோற்றார். ஆனாலும் அந்தக் கதவை ஒருவர் முதலில் திறக்கத்தான் வேண்டியிருந்தது. ஃபெராரோவுக்கு வந்த சிக்கல் அவர் பெண் என்பதால் அல்ல, வில்லங்கம் சரியாகப் பார்க்கப்படாததால்.

எப்போது ஒத்துவரும்: தோல்வி ஏறக்குறைய உறுதி, விளையாட்டை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலையில். அப்போதும் குறைந்தது ஒன்றரை, இரண்டு மாதமாவது அவரைத் தோண்டிப் பார்க்க நேரம் இருக்க வேண்டும். வேட்பாளர் எழுபதைத் தாண்டியவர் என்றால் இந்தப் பக்கமே போகக்கூடாது.

## வழி 5: தன்னைப் போலவே ஒருவர்

1992-ல் கிளின்டன் செய்தது அன்று எல்லோரையும் புருவம் உயர்த்த வைத்தது. அவர் அர்கன்சா, அல் கோர் பக்கத்து மாநிலமான டென்னசி. இருவருக்கும் 45-ஐ ஒட்டிய வயது, இருவரும் தெற்கத்தியர், மிதவாதிகள். எதையும் சமன் செய்யவில்லை, தன் செய்தியையே இரண்டு மடங்காக்கினார். மாநாடு முடிந்த கையோடு இரு குடும்பமும் நியூயார்க்கிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை பேருந்தில் போனார்கள். தலைமுறை மாறுகிறது என்பதை வாயால் சொல்லாமலே காட்டினார்கள்.

2024-ல் டிரம்ப், ஒஹையோ செனட்டர் ஜே.டி. வான்ஸை எடுத்ததும் இதே வழி. 2016-ல் அவருக்கு மத நம்பிக்கையுள்ள வாக்காளர்களைத் தேற்ற மைக் பென்ஸ் தேவைப்பட்டார். 2024 ஜூலை 15-ல், முன்னிலையில் இருந்தபோது, யாரையும் தேற்ற வேண்டிய அவசியம் இல்லை. 39 வயது வான்ஸ் புது ஓட்டுக்காக அல்ல, வாரிசாக எடுக்கப்பட்டார். ஆறே நாளில் பைடன் விலகி எதிரே வேறு வேட்பாளர் வந்ததும், அகலமான ஆதரவு கொண்ட ஒருவரை எடுத்திருக்கலாமோ என்ற பேச்சு எழுந்தது. முடிவு அந்தக் கவலையைப் பொய்யாக்கியது.

செலவு மெதுவாக வருகிறது. வாரிசுக்குத் தனி முகம் கிடைப்பது கஷ்டம். 2000-ல் கோர் கிளின்டனிடமிருந்து விலகி நிற்கப் பார்த்துத் தடுமாறினார். இன்னொரு பக்கம், ஒத்துப்போகிறவர் என்பதற்காக எடுப்பவர்கள் பென்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வருடம் ஒரு சொல்கூட மாற்றிப் பேசாதவர், 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நின்றார். அந்த நாளில் நாட்டுக்குத் தேவைப்பட்டது அதிபருக்கு விசுவாசமான ஆள் அல்ல, சட்டத்துக்கு விசுவாசமான ஆள்.

எப்போது ஒத்துவரும்: முன்னிலையில் இருக்கும்போது, அல்லது சொல்ல வந்த செய்தி ஒரே வரியில் தெளிவாக இருக்கும்போது.

## ஒரே பார்வையில்

| வழி | உதாரணம் | பெரிய பலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| வேறு பிராந்தியம், வேறு அணி | கென்னடி–ஜான்சன், 1960 | கட்சி உடையாமல் நிற்கும் | உள்ளுக்குள் பகை, கொள்கை மாறும் ஆபத்து |
| தோற்ற போட்டியாளர் | ரீகன்–புஷ், 1980 | ஏற்கெனவே அலசப்பட்டவர் | பழைய தாக்குதல் பேச்சுகள் |
| அனுபவசாலி | ஒபாமா–பைடன், 2008 | முதல் நாளிலிருந்தே ஆளத் தெரியும் | அதிபரை மறைக்கும் நிழல் |
| புது முகம் | மெக்கெய்ன்–பேலின், 2008 | உடனடி உற்சாகம் | தெரியாத வில்லங்கம், சொந்த வாதம் உடைவது |
| தன்னைப் போலவே | கிளின்டன்–கோர், 1992 | செய்தி தெளிவாகும் | புது ஓட்டு இல்லை, வாரிசுச் சிக்கல் |

## பட்டியலில் இரண்டு பேர் மிஞ்சும்போது

கடைசியில் எப்போதும் இரண்டு, மூன்று நல்ல பெயர்கள் மிஞ்சும். அப்போது கருத்துக்கணிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது வீண் வேலை. 1976-ல் ஜிம்மி கார்ட்டர் செய்ததுதான் இன்னமும் நல்ல முறை என்பேன். வந்தவர்களை ஜார்ஜியாவில் தன் சின்ன ஊரான பிளெய்ன்ஸுக்கு வரவழைத்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசினார். அப்படி வந்த மாண்டேல் தன் பங்குக்கு ஒரு கேள்வியோடு வந்தார்: எனக்கு நிஜமான வேலை உண்டா? தன் குரு ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, ஜான்சனிடம் துணை அதிபராகப் பட்ட பாட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

தேர்தலில் ஜெயித்ததும், 1976 டிசம்பரிலேயே, துணை அதிபர் என்ன செய்வார் என்பதை மாண்டேல் ஒரு குறிப்பாக எழுதிக் கார்ட்டரிடம் கொடுத்தார். எல்லாத் துறையிலும் ஆலோசகர், அதிபருக்கு வரும் ரகசிய அறிக்கைகள் இவருக்கும் வரும், வாரம் ஒரு முறை இருவர் மட்டும் மதிய உணவு. கார்ட்டர் அதை ஏற்று, வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அவருக்கு அறையும் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த துணை அதிபர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது. ட்ரூமனுக்கு நேர்ந்தது மாண்டேலுக்கு நேர்ந்திருக்காது.

2028-ல் வேட்பாளர் யாராக இருந்தாலும், அறிவிப்புக்கு முன் மிஞ்சியிருக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என் கொள்கைகளில் எதை நீங்கள் ஏற்கவில்லை? நான் தவறாக முடிவெடுக்கிறேன் என்று தோன்றினால் எங்கே, எப்படிச் சொல்வீர்கள்? நாளைக்கு நான் இல்லையென்றால் முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்கு 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்று பதில் சொல்பவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் 3 வாக்கு மாநிலத்தவராக இருந்தாலும் அவரையே எடுக்க வேண்டும்.